இடது கண் துடிக்கிறது

டாக்டர் குற்றாலநாதனுக்கு மனிதர்கள் பேசுவது பிடிக்காது. அவர்கள் வாயைத் திறக்கும்போதே என்ன சொல்லப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததையே நின்று கேட்பது அவருக்குத் தண்டனை. ‘மழை வர்ற மாதிரி இருக்கு சார்’ என்று பியூன் சொன்னால், ‘பூஜ்யம்’ என்பார். ‘வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?’ என்று டைரக்டர் கேட்டால் மனதுக்குள் ஒரு பூஜ்யத்தைப் போட்டுக்கொண்டு, உதட்டோரத்தில் சிக்கனமாகச் சிரிப்பார். மெட்ராஸ் கடலோரத்தில் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் பூஜ்யத்துக்கு மேல் மார்க் வாங்கியவர் ஒரே ஒருவர்தான். அவருக்குத்தான் டாக்டர் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துவிடுவார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. செய்தியையும் அரிசி பருப்பு மாதிரி அளக்கலாம் என்று மேல்நாட்டார் சூத்திரம் கண்டுபிடித்துப் பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. குற்றாலநாதன் அந்தச் சூத்திரத்தை இங்கிலாந்தில் படித்துவிட்டு, தானே பெற்ற பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு உதவியாக இருந்த இன்ஜினியர் ஞானராஜுக்கு முதல் நாளே பாடம் நடந்தது.

“செய்தின்னா என்ன ஞானராஜ்? ஆச்சரியம். நாளைக்குச் சூரியன் கிழக்கே உதிக்கும்னு ஒரு தந்தி வந்தா, அதுல செய்தி எவ்வளவு?”

“ஒண்ணும் இல்லை சார்.”

“மேற்கே உதிக்கும்னு வந்தா?”

“தந்தி ஆபீஸ்ல யாரோ குடிச்சிருக்காங்கன்னு அர்த்தம் சார்.”

டாக்டர் சிரிக்கவில்லை. பிறத்தியாருடைய நகைச்சுவையையும் அவர் முன்கூட்டியே ஊகித்துவிடுவதாக ஒரு நினைப்பு அவருக்கு இருந்தது.

“கல்யாணத்துக்கு வாழ்த்துத் தந்தி எப்படிக் கொடுக்கிறோம்? முழு வாழ்த்தையுமா அனுப்பறோம்? ஒரு நம்பரைச் சொல்றோம். அந்தப் பக்கம் நம்பரைப் பார்த்து வாழ்த்தை எழுதிக் கொடுத்துடறான். ஏன்? கல்யாணத்துக்கு வாழ்த்தறவன் என்ன சொல்லுவான்னு ஊருக்கே தெரியும். மனுஷன் பேச்சு மொத்தமும் அப்படித்தான். அதைப் போய் கம்பி வழியா அனுப்பிக்கிட்டு, வெளியூருக்கு ஒரு டிரங்கால் கிடைக்க நாள் பூரா காத்துக்கிட்டு! ரெண்டு ஊர்லயும் ஒரு யந்திரத்தை வை. பேசறவன் அடுத்து என்ன சொல்லுவான்னு அது ஊகிக்கட்டும். ஊகம் சரியா இருந்தா கம்பியில எதுவுமே போக வேண்டாம். தப்பா இருந்தா திருத்தத்தை மட்டும் அனுப்பு.”

“கம்பியில எதுவும் வரலைன்னா?”

“ஊகம் சரின்னு அர்த்தம். நம்ம மூளையும் இதைத்தான் செய்யுது ஞானராஜ். நரம்பு ஒவ்வொண்ணும் ஒரு சுவிட்ச். எதிர்பார்த்தது நடந்தா மூளை திரும்பியே பார்க்காது. எதிர்பாராதது வந்தாத்தான் விளக்கு எரியும்.”

இப்படியாகப் பிறந்ததுதான் ஊகப் பெட்டி. பீரோ அளவு இருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கான ரேடியோ வால்வுகள். முன்னால் ஒரு தமிழ் டைப்ரைட்டர் கம்பிகளோடு பிணைக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பக்கத்து ஆள் பேசுவதாக ஊகித்ததை அது தானாகவே தட்டும். திருத்தம் வந்துவிட்டால், தட்டியதன் மேல் வரிசையாகப் பெருக்கல் குறி போட்டு அடித்துவிட்டு, நிஜமான வாக்கியத்தைக் கீழே தட்டும். ஒரு பெட்டி மெட்ராஸில் இருந்தது. இன்னொன்றை எங்கே வைப்பது என்று டைரக்டர் கேட்டபோது, “என் சம்சாரம் வீட்டில்” என்றார் குற்றாலநாதன். “உலகத்திலேயே மிகச் சுலபமாக ஊகிக்கக்கூடிய மனுஷி அவள்தான்.”

உலகம்மாள் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள ஆசிரியை. மெட்ராஸுக்கு மாற்றல் கேட்க வேண்டும் என்று கல்யாணமான புதிதில் இருவரும் பேசியது உண்டு. பிறகு அவள் மட்டும் பேசினாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. அவள் கூடத்தில் ஒரு பீரோவை இறக்கி, சுவரில் ஓட்டை போட்டுக் கம்பியை இழுத்துவிட்டுப் போனார்கள். சோதனை முடிகிறவரை கடிதமோ தந்தியோ டிரங்காலோ கூடாது, எதுவானாலும் பெட்டி வழியாகத்தான் என்று குற்றாலநாதன் உத்தரவு போட்டார். வேறு வழியில் செய்தி போனால் புள்ளிவிவரம் கெட்டுவிடுமாம்.

ஊகிப்பதற்கு முன்னால் பெட்டி அந்த ஆளின் பேச்சைப் படித்தாக வேண்டும். உலகம்மாளை ஒரு மாதம் தினமும் பெட்டி முன் உட்கார வைத்துப் பேச்சைப் பதிவு செய்தார்கள். ‘சாப்பிட்டீர்களா’, ‘வெயில் அதிகம்’, ‘இங்கே மழை’, ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றுதான் அவளும் தட்டினாள். எதிரில் ஒரு பீரோ உட்கார்ந்திருக்கும்போது வேறு என்னதான் பேசுவது? டாக்டர் அப்படி உட்காரவில்லை. அவருக்கு நேரமில்லை. இங்கிலாந்திலிருந்து உலகம்மாளுக்கு எழுதிய பழைய கடிதங்களைக் கட்டோடு வாங்கி ஞானராஜ் கையில் கொடுத்துவிட்டார்.

“சார், இதெல்லாம் பதினைஞ்சு வருஷம் முன்னால எழுதினது.”

“அதனால என்ன? ஒரு மனுஷனோட புள்ளிவிவரம் மாறாது. இன்னிக்கு எடுத்தாலும் அன்னிக்கு எடுத்தாலும் ஒண்ணுதான். கணக்குல அதுதான் அடிப்படை.”

ஞானராஜ் அந்தக் கடிதங்களைப் பெட்டிக்குப் புரியும்படி துளை நாடாவில் ஏற்றினார். ஏற்றும்போது அவருக்குக் காது சிவந்தது. எழுதியவர் அடுத்த அறையில் பியூனைக் ‘கழுதை’ என்று திட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொரு விஷயத்தையும் டாக்டரே முடிவு செய்தார். ஊகத்துக்கும் நிஜத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தால் திருத்தம் அனுப்புவது? அதற்குப் பெட்டியில் ஒரு குமிழ் இருந்தது. தன்னுடைய பேச்சில் ஓர் எழுத்து மாறினாலும் திருத்தம் போக வேண்டும் என்று தன் குமிழை இறுக்கி வைத்தார். உலகம்மாளுடைய குமிழைத் தளர்த்திவிட்டார்.

“இவ்வளவு தளர்த்தினா அவங்க சொல்றதுல முக்காவாசி வராது சார்” என்றார் ஞானராஜ்.

“முக்காவாசியில ஒண்ணும் இருக்காது. எனக்குத் தெரியாதா? நான் கட்டிக்கிட்டவ.”

பெட்டி ஜம்மென்று வேலை செய்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மெட்ராஸ் பெட்டி ‘சாப்பிட்டீர்களா?’ என்று தட்டும். கம்பியில் ஒரு சத்தம் இருக்காது. டாக்டர் பக்கத்திலிருப்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார். ‘ஆயிற்று. வேலை இருக்கிறது. சுருக்கமாகச் சொல்’ என்று பதில் தட்டுவார். அது மட்டும் எழுத்துக்கு எழுத்து கம்பியில் பாய்ந்து போகும். அவர் பேச்சில் இவ்வளவு திருத்தம் ஏன் தேவைப்படுகிறது என்று ஞானராஜ் ஒருநாள் கேட்டார். “உயர்ந்த மூளையை ஊகிக்க முடியாது” என்று டாக்டர் பதில் சொன்னார். ஞானராஜ் துளை நாடாப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடிதக் கட்டைப் படித்தவர் அவர்.

புரட்டாசியில் ஒருநாள் சாயங்காலம் பெட்டி வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் தயங்கியது. ‘சாப்பிட்டீர்களா?’ என்று தட்டி, அதை அடித்துவிட்டு, புதிதாக ஒரு வரி போட்டது:

‘இடது கண் துடிக்கிறது. நல்லது நடக்கும்.’

குற்றாலநாதன் வாய்விட்டுச் சிரித்தார். “பார்த்தீரா? பெண்களுக்கு இடது கண் துடிச்சா நல்ல சகுனம். பூகோளம் சொல்லித் தர்றவ சகுனம் பார்க்கிறா. இந்த நாடு எப்படி ஐயா உருப்படும்?”

ஞானராஜ் கம்பியின் அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சார், ‘இடது கண்’ மட்டும்தான் லைன்ல வந்துச்சு. ‘துடிக்கிறது’ங்கறதுலேருந்து மிச்சமெல்லாம் பெட்டியே போட்டுக்கிட்டது. அவங்க என்ன சொன்னாங்கன்னு திருப்பிக் கேட்கலாமா?”

“இடது கண்ணுன்னு ஒரு பொம்பளை ஆரம்பிச்சா வேற எங்க போய் முடிப்பா? பெட்டிக்கு இருக்கிற புத்தி உமக்கு இல்லையே.”

“இல்லை சார், ஒரு வேளை கண்ணுல ஏதாவது...”

“ஞானராஜ்!” என்றார் டாக்டர். அந்தப் பெயரை அவர் அப்படிச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பிறகு நகைச்சுவை பொங்க ஒரு பதிலைத் தட்டினார்: ‘மிக்க மகிழ்ச்சி. நன்றாகத் துடிக்கட்டும். எனக்கு வேலை இருக்கிறது.’

அந்த வாரத்திலிருந்து பெட்டி இன்னும் அற்புதமாக வேலை செய்தது. அடித்தல் திருத்தல் ஒன்றுமே இல்லை. ‘சாப்பிட்டீர்களா?’, ‘இங்கே மழை’, ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.’ டாக்டர் தலைகால் புரியாமல் டில்லிக்கு எழுதினார். ஐப்பசியில் டில்லியிலிருந்து ஒரு குழு வந்தது. இதற்கு அனுமதி கிடைத்தால் நாடு பூராவும் பெட்டி வைக்கலாம், நிலையத்துக்கு அவரே டைரக்டராகிவிடலாம். குழுவினர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். டாக்டர் சாக்பீஸ் கையோடு, “இப்போது என் மனைவி நான் சாப்பிட்டேனா என்று கேட்பாள்” என்றார். பெட்டி கேட்டது. “அடுத்து மழை.” பெட்டி மழை என்றது. கூட்டம் கைதட்டியது. ஒரு பெரியவர் தொடையைத் தட்டிச் சிரித்து, தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்றார். பாளையங்கோட்டையில் ஒருத்தி அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்ததுதானே அந்தக் கண்டுபிடிப்பு.

குழு டிபன் சாப்பிடப் போனதும் ஞானராஜ் வந்து நின்றார்.

“சார், லைன் செத்துப் போச்சு.”

“எப்போ? இப்பவா?”

“புரட்டாசியிலேருந்தே. அந்தக் கண் துடிச்சதே, அன்னிக்கு ராத்திரியிலேருந்து. நான் இன்னிக்குத்தான் கம்பியைச் சோதிச்சேன். அந்தப் பக்கம் இணைப்பே இல்லை. இத்தனை நாளும் நம்ம பெட்டி தானே பேசிக்கிட்டிருந்திருக்கு.”

குற்றாலநாதனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. “ஞானராஜ், இதைவிட என்ன ஐயா நிரூபணம் வேணும்? ஒன்றரை மாசம் அவ இல்லாமலே அவகூடப் பேசியிருக்கேன். எனக்கே வித்தியாசம் தெரியலை!”

“ஆமா சார்” என்றார் ஞானராஜ். “உங்களுக்குத் தெரியலை.”

அந்த ஆள் இதற்கு முன் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அருவருப்பான ஒன்றை மிதித்துவிட்டவனின் முகம். டாக்டருக்குக் கோபம் வந்தது. ‘என்ன பார்வை அது?’ என்று கேட்க வாயெடுத்தார். ஆனால் ‘இடது கண்’ என்ற அந்த இரண்டு வார்த்தைகள் குறுக்கே வந்து நின்றன. நிஜமாக அவளிடமிருந்து கடைசியாக வந்தவை அவை மட்டும்தான். அதற்குப் பின்னால் வேறு என்ன இருந்திருக்கும் என்று அவர் முதல்முறையாக ஊகிக்க முயன்றார். ஊகம் எதுவும் நல்லதாக வரவில்லை. சாயங்கால ரயிலுக்கே போனார்.

மறுநாள் காலை பாளையங்கோட்டையில் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உலகம்மாள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். தாளை வலது பக்கமாகத் தள்ளிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் படித்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“வாங்க. உக்காருங்க” என்றாள். வீட்டுக்கு மின்சார மீட்டர் பார்க்க வந்தவனிடம் சொல்கிற மாதிரிதான் இருந்தது.

“கண்ணுக்கு என்ன?”

“இடது கண்ணு போயிட்டு. வலது கண்ணை மதுரையில பாத்துக் காப்பாத்தியாச்சு. கூட வேலை பாக்குத எஸ்தர் டீச்சர்தான் கூட்டிட்டுப் போனா. உள்ள திரை கிழிஞ்சிருக்குன்னாங்க. ரெண்டு வாரம் முந்தி வந்திருந்தா ரெண்டுமே பிழைச்சிருக்குமாம்.”

“ஏன் எனக்குச் சொல்லலை?” என்றார் குற்றாலநாதன். சொன்ன பிறகுதான் தான் கேட்டது என்னவென்று அவருக்கு உறைத்தது.

“சொன்னேனே. இடது கண்ணு தெரியலை, பயமா இருக்கு, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு தட்டினேன். மிக்க மகிழ்ச்சின்னு பதில் வந்துது.”

டாக்டர் குமிழைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். பெட்டியின் தவறு, கம்பியின் தவறு, சகுனத்தின் தவறு என்று பூசி மெழுகினார். உலகம்மாள் பொறுமையாகக் கேட்டாள். பள்ளியில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் சொல்கிற காரணங்களை அவள் அப்படித்தான் கேட்பாள்.

“இவ்வளவு சொல்லுதீக. அந்தப் பெட்டி இந்தப் பக்கம் என்ன தட்டிச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீகளா? நீங்க பேசுததுக்கு முந்தி, நீங்க என்ன பேசுவீகன்னு அது தட்டும். ‘உன் தலைவலி எப்படி இருக்கிறது? ராத்திரி கண்விழிக்காதே’ன்னு தட்டும். அதைப் படிச்சு முடிக்குமுன்னே, அது மேலயே வரிசையா அடிச்சிட்டு, ‘சுருக்கமாகச் சொல்’னு போடும். தினமும் இதே கூத்து. என் கண்ணு முன்னாலயே ஒரு மனுஷனை அடிச்சுப் போட்டுட்டு இன்னொருத்தர் வந்து உக்காருத மாதிரி.”

“அது பழைய கடிதங்கள்லேருந்து...”

“தெரியும். எனக்கு வந்த கடுதாசி எனக்குத் தெரியாதா? அன்னைக்கும் அப்படித்தான். கண்ணு தெரியலைன்னதும் உடனே, ‘பயப்படாதே. நான் கிளம்பி வருகிறேன்’னு தட்டிச்சு. அதையும் அடிச்சிட்டு உங்க மகிழ்ச்சி வந்துது. நான் எந்திரிச்சுப் போயி வயரைப் பிடுங்கிட்டேன்.”

குற்றாலநாதன் சுவரைப் பார்த்தார். கம்பி ஓட்டையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. முனையைத் துணியால் சுற்றி, பெட்டியின் பின்னால் ஓர் ஆணியில் நேர்த்தியாக மாட்டி வைத்திருந்தாள்.

“அதுக்கப்புறம் அடித்தல் கிடையாது. கண்ணை எப்படி வச்சுக்கிடணும், என்ன சாப்பிடணும், எல்லாம் கேட்டுச்சு. பெட்டிதான்னு தெரியும். எனக்கென்ன புத்தியா கெட்டுப் போச்சு? தெரிஞ்சும் ரெண்டு நாள் வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.” அவள் குரல் அங்கே மட்டும் கொஞ்சம் இறங்கியது. “அந்த ரெண்டு நாள்தான் எனக்கு வெக்கமா இருக்கு.”

குற்றாலநாதனின் மூளையில் ஏதோ ஒரு விளக்கு எரிந்திருக்க வேண்டும். வெகுநாள் எரியாத விளக்கு. நிஜமாகவே எரிந்தது, அதில் சந்தேகமில்லை. நாற்காலியை விட்டு எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார். இத்தனை ஆண்டுகளில் இல்லாத ஒரு குரலில், “உலகு, பயப்படாதே. நான் வந்துட்டேன். இனிமே உன் பக்கத்துலயே இருப்பேன். உன் கண்ணா நான் இருப்பேன்” என்றார்.

உலகம்மாள் அவரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். கோபம் இருந்திருந்தாலும் தேவலை. அந்தச் சிரிப்பில் அதுகூட இல்லை.

“எந்திரிச்சுப் போயி அந்தக் காகிதச் சுருளைப் பாருங்க. ‘உன் கண்ணாக நான் இருப்பேன்.’ போன மாசமே பெட்டி சொல்லிட்டு. எனக்கு முதல் தடவை காய்ச்சல்னு கேள்விப்பட்டு இங்கிலாந்துல இருந்து எழுதினீகளே, அதுல இருக்கு. வார்த்தை மாறலை.”

“நான் மனசாரச் சொல்றேன்!”

“இருக்கலாம். ஆனா முன்னமே தெரிஞ்ச சேதியில சேதியே கிடையாதுன்னு நீங்கதான சொல்லுவீக? அதுக்கு எவ்வளவு மார்க் போடுவீக? பூஜ்யமா?”

குற்றாலநாதன் பெட்டி வெளியே தள்ளியிருந்த காகிதத்தைப் பார்த்தார். வரி வரியாகத் தன் இளமை அடித்தல் திருத்தல் இல்லாமல் கிடந்தது. பெட்டி சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தேடினார். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தார். கடிதக் கட்டில் எத்தனையோ மன்னிப்புகள் இருந்தது நினைவுக்கு வந்தது. கோபப்படலாம் என்று நினைத்தார். அதை அவளே ஊகித்துவிடுவாள்.

அவள் அடுத்த தாளை எடுத்து வலது கண்ணருகே கொண்டுபோனாள். யாரோ ஒரு பிள்ளை தாமிரபரணியைக் கொண்டுபோய் வங்காளத்தில் விட்டிருந்தது. சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டாள்.

“மத்தியான வண்டிக்கே போனீகன்னா நாளைக்கு ஆபீஸுக்குச் சரியா இருக்கும்” என்றாள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். “போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க. அந்த வயரை மட்டும் தொட்டிராதீக.”